கேமராவை நம்ம கையில எடுப்போம்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் உறுப்பினர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

 

சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் என்று பேசித்தான் நமக்குப் பழக்கம். இன்றைக்குப் படம் எடுப்பதைப் பற்றிப் பேசப் போகிறோம். "சினிமாவுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். போடி பக்கம் ஷூட்டிங் புதுசு இல்லை. வர்றவங்க நம்ம மலையை எடுப்பாங்க, ஆத்தை எடுப்பாங்க. நாம படுற பாட்டை யாரு எடுப்பாங்க? நாமதான் எடுக்கணும்.

இதைச் செய்து காட்டிய பெண்கள் இருக்கிறார்கள். 1984-ல் குஜராத் மாநிலம் அகமதாபாத்தில், சேவா சங்கத்துப் பெண்கள் சுமார் 20 பேர் வீடியோ பயிற்சி எடுத்தார்கள். நியூயார்க்கிலிருந்து மார்த்தா ஸ்டூவர்ட் என்ற அம்மா வந்து கற்றுக் கொடுத்தார். பயிற்சி எடுத்தவர்களில் காய்கறி விற்கிறவங்களும் உண்டு, எழுதப் படிக்கத் தெரியாதவங்களும் உண்டு. மார்க்கெட்டில் உட்கார இடமில்லாமல் விரட்டப்படும் தங்கள் கஷ்டத்தைத் தாங்களே படமாக்கினார்கள்.

அடுத்தது தெலங்கானாவில் ஜாகீராபாத் பக்கம் பஸ்தாபூர். அங்கே 1983 முதல் தக்காண வளர்ச்சிச் சங்கம் கிராமப் பெண்களைச் சங்கங்களாகச் சேர்த்து வருகிறது. பெரும்பாலும் கூலி வேலை செய்யும் தலித் பெண்கள். அவர்களில் சிலர் கேமரா கற்றார்கள். 2001-ல் தங்களுக்கென்று ஒரு ஊடக அறக்கட்டளையே தொடங்கினார்கள்.

அவங்க ஷாட்டுக்கு வச்ச பேரைக் கேளுங்க. கீழேயிருந்து அண்ணாந்து எடுத்தால் 'அடிமை ஷாட்'. மேலேயிருந்து குனிந்து எடுத்தால் 'பட்டேல் ஷாட்', அதாவது பண்ணையார் பார்வை. கண்ணுக்கு நேராக எடுத்தால் 'சங்க ஷாட்'. சங்கத்தில் எல்லாரும் சமமாக உட்காருகிறோம் இல்லையா, அதனால் அந்தப் பேர்.

2002-ல் நம் நாட்டில் பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்தது. வெளிநாட்டுக் கம்பெனியின் தொழில்நுட்பத்தில் வந்த விதை. இந்தப் பெண்கள் வாரங்கல் போய், விதைப்பு முதல் அறுவடை வரை அதே விவசாயிகளைத் திரும்பத் திரும்பப் பார்த்து எடுத்தார்கள். விதை விலை எவ்வளவு, மருந்துச் செலவு குறைந்ததா, கடைசியில் கையில் என்ன மிஞ்சியது என்று கேட்டார்கள். 2003-ல் வெளிவந்த அந்தப் படம் பல நாடுகளுக்குப் போனது. பிறகு தென்னாப்பிரிக்கா, மாலி, இந்தோனேசியா நாட்டுப் பருத்தி விவசாயிகளின் கதையையும் சேர்த்து இன்னொரு படம் வந்தது. உலகப் பிரச்சினையைப் பேச ஆங்கிலம் தேவைப்படவில்லை. பருத்திக் காட்டு அனுபவம் போதுமானதாக இருந்தது.

நமக்கு இருப்பது ஏலக்காய். விடியுமுன்னே ஜீப்பில் ஏறி, முந்தல் தாண்டி, போடிமெட்டு ஏறி, பூப்பாறை பக்கம் போய் நாம எடுக்கிற காய் அரபு நாடுகளில் காபியில் மணக்கிறது. உலகத்தில் அதிகமாக ஏலக்காய் விளையும் நாடு குவாத்தமாலா, அடுத்தது இந்தியா. அங்கே விளைச்சல் ஏறி இறங்கினால் போடி ஏல மையத்தில் விலை அசையும்.

ஏலச் செடிக்கு நிழலும் ஈரமும் வேணும். 2024 கோடை வெயிலில் இடுக்கி மாவட்டத்தில் ஏலத் தோட்டங்கள் பெருமளவு கருகின. செடி கருகினா காய் இல்லை. காய் இல்லேன்னா வேலை இல்லை. வேலை இல்லேன்னா குழுவுல தவணை கட்ட முடியாது. புவி வெப்பமடைதல் என்று பேப்பரில் படிக்கிறோமே, அது நம்ம தவணை நோட்டு வரைக்கும் வருது.

மருந்து விஷயமும் அப்படித்தான். காயில் மருந்து மிச்சம் இருந்தால் வாங்கும் நாட்டில் சோதனை செய்து திருப்பி அனுப்பலாம். மருந்தடித்த செடிக்குள்ளே நாள் பூரா நிற்கிற நம்மை யார் சோதிக்கிறார்கள்? இது கேட்க வேண்டிய கேள்வி. படம் எடுத்துக் கேட்கலாம்.

எப்படி எடுப்பது?

1. ஒரு படத்துக்கு ஒரே கேள்வி. மூன்று நிமிடம் போதும்.

2. செல்போனைப் படுக்கை வாட்டத்தில் பிடிக்கணும். பேசுறவங்க முகத்தில் வெளிச்சம் விழணும். ஜீப் சத்தம், காற்றுச் சத்தம் இல்லாத இடமாகப் பாருங்கள்.

3. கேட்காமல் யாரையும் எடுக்கக் கூடாது. பேசினால் வேலை போயிடும்னு பயப்படுகிற அக்கா இருந்தால் முகம் வேண்டாம், கைகளை மட்டும் காட்டுங்கள். அவர் சொன்னதை வேறொருவர் குரலில் பதியுங்கள். ஒருத்தர் பிழைப்பைக் கெடுத்து நமக்கொரு படம் வேண்டாம்.

4. கேள்விப்பட்டதைச் சேர்க்காதீர்கள். கண்ணால் பார்த்தது, கணக்கு நோட்டில் உள்ளது, இவை போதும்.

5. முதலில் குழுக் கூட்டத்தில் போட்டுப் பாருங்கள். எல்லாரும் சம்மதித்த பிறகே வெளியே அனுப்பணும்.

பார்த்து முடித்ததும் கலைந்து விடாமல், "இதுக்கு நாம என்ன செய்யலாம்?" என்று பேசித் தீர்மான நோட்டில் எழுதுங்கள். படத்தையும் தீர்மானத்தையும் சேர்த்து கிராம சபைக்குக் கொண்டு போகலாம்.

அடுத்த கூட்டத்துக்குள் ஒவ்வொரு பஞ்சாயத்திலிருந்தும் ஒரு படம் வரட்டும். கை நடுங்கினாலும் பரவாயில்லை. சங்க ஷாட்டா இருந்தா சரி!