காதோடு ஒரு வழித்துணை

(பெங்களூரில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

"தனி ஆளாகவே செயலி பண்ணினாயாமே, அந்த அனுபவத்தைச் சொல்லு" என்று செயலாளர் மாமா பணித்தார். காபி ஆறுவதற்குள் முடித்துவிடுகிறேன்.

ஹம்பியைச் சுற்றிப் பார்ப்பவர் இயர்போனை மாட்டிக்கொண்டு நடந்தால், அந்தந்த இடம் வந்ததும் அதன் சரித்திரம் தானாகவே ஒலிக்க வேண்டும். இதுதான் என் ஆசை. ஆள் நிற்கும் இடத்தை கைபேசியின் ஜி.பி.எஸ். சொல்லும். வரைபடத்தில் நாம் போட்டு வைத்த வட்டத்துக்குள் அவர் வந்ததும் பதிவு ஒலிக்கும். சொல்வதற்குச் சுலபம்.

முதல் சங்கடம் நரசிம்மரிடம் வந்தது. 1528-இல், கிருஷ்ணதேவராயர் காலத்தில், ஒரே பாறையில் செதுக்கிய சுமார் 22 அடி உயர மூர்த்தி. பக்கத்திலேயே நீரில் நிற்கும் படவிலிங்கம். ஆண்ட்ராய்டில் உள்ள வட்ட வசதிக்கு ஆரம் 100 மீட்டராவது இருந்தால்தான் நம்பகம் என்கிறார்கள். திறந்தவெளியிலேயே கைபேசியின் ஜி.பி.எஸ். சுமார் 5 மீட்டர் பிசகலாம். பாறைகளுக்கு நடுவே இன்னும் அதிகம். லிங்கத்தின் முன் நின்றவருக்கு நரசிம்மர் கதை கேட்டது! கடைசியில் இரண்டையும் ஒரே பதிவாக்கினேன். ஐபோனில் ஒரு செயலிக்கு ஒரே சமயத்தில் 20 வட்டங்கள்தான். அதனால் ஆள் நகர நகர, கிட்டத்தில் உள்ள 20 இடங்களை மட்டும் மாற்றி மாற்றி வைக்கும்படி செய்தேன். சிக்னல் கிடைக்காத இடங்களுக்காக, அறையை விட்டுக் கிளம்புமுன்பே பதிவுகளை இறக்கிக்கொள்ளவும் வழி செய்தேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்து 76 வயது அப்பாவை அழைத்துப் போனேன். விரூபாக்ஷர் தரிசனம் முடிந்து கிழக்குக் கோபுரம் வழியாக அவர் வெளியே வந்தார். "இடது பக்கம் ஹேமகூட மலை" என்றது செயலி. கடைத்தெருவிலிருந்து கோபுரத்தைப் பார்த்து வருகிறவருக்குத்தான் அது இடது. அப்பாவுக்கோ வலது. சொன்னபடி இடப்பக்கம் திரும்பிப் போனவர் துங்கபத்திரைப் படித்துறையில் போய் நின்றார். ஈரப்படி, ஒரு கால் வழுக்கி, யாரோ ஒரு பையன் கையைப் பிடித்துக்கொண்டானாம். பிறகுதான் எனக்குப் போன் வந்தது: "ஏண்டா, மலைங்கறே, இங்கே ஆறுன்னா ஓடறது?"

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பையில் கிடக்கும் கைபேசிக்கு ஆள் நிற்கும் இடம் தெரியும். அவர் எந்தப் பக்கம் பார்க்கிறார் என்பது நிச்சயமாகத் தெரியாது. இது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஒரு கம்பெனி என்றால் சோதித்துப் பார்க்கவென்றே ஆட்கள் உண்டு. இங்கே எழுதியவனும் நான், சோதித்தவனும் நான். நான் எப்போதும் கடைத்தெருப் பக்கமிருந்தே நடந்தேன். பிழை எப்படித் தெரியும்?

40 பதிவுகளையும் திருத்தினேன். "கோபுரத்துக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள், வலப்பக்கம் தெரியும் பாறைமலை ஹேமகூடம்" என்று கண்ணுக்குத் தெரிவதை வைத்தே வழி சொன்னேன். எதிரொலி கேட்காமலிருக்க, பட்டுப்புடவை அலமாரியைத் திறந்து வைத்து அதன் முன் உட்கார்ந்து என் மனைவி மறுபடியும் எல்லாவற்றையும் படித்தாள்.

பல ஊர்களிலும் இருக்கும் அங்கத்தினர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டுப் பிள்ளையோ பெண்ணோ இப்படித் தனியாக ஏதாவது செய்தால், "பேஷ்" என்று சொல்வதோடு நிற்காதீர்கள். அதைக் கையில் வாங்கிக்கொண்டு, அவர்கள் நடக்காத வழியாக ஒரு தடவை நடந்து பாருங்கள். தவறினால் ஒளிக்காமல் சொல்லுங்கள். என் அப்பா செய்த உபகாரம் அதுதான்.