அரைச்சு வச்ச மாவும் இணையதளமும்

(காவாந்தண்டலத்தில் குழு உறுப்பினர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



குழுத் தயாரிப்புகளை இணையதளத்தில் வைத்து விற்கலாம்னு பேச்சு வந்திருக்கு. நல்ல விஷயம். ஆனா விலைப்பட்டியல் திறக்கறதுக்கே ஒரு நிமிஷம் ஆச்சுன்னா, வாங்க வந்தவங்க மூடிட்டு வேற இடம் போயிடுவாங்க. தீபாவளி பலகார ஆர்டர் அப்படிப் போனா நஷ்டம் நமக்குத்தான். அதனால தளம் சீக்கிரம் திறக்க ஒரு வழியை மட்டும் இன்னைக்குச் சொல்றேன்.

சர்வர்னா நம்ம தளத்தை வைத்திருக்கிற கம்ப்யூட்டர். ஒருத்தர் ஒரு பக்கத்தைக் கேட்டால், அது பொருளையும் விலையையும் தேடி எடுத்து, பக்கத்தைத் தயார் செய்து அனுப்பும். அடுத்தவர் அதே பக்கத்தைக் கேட்டால் மறுபடியும் முதலிலிருந்து! இட்லிக் கடை அக்கா ஒவ்வொரு ஆள் வரும்போதும் அரிசி ஊறப் போட்டு அரைச்சா கடை நடக்குமா? முதல் நாளே அரைச்சு வச்சிடறாங்க இல்லையா. அதுபோல, ஒரு தடவை தயார் செய்த பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு, கேட்கிறவர்களுக்கெல்லாம் அதையே கொடுப்பதற்குப் பேர்தான் கேஷ். (குழுப் பெட்டியில் வைக்கிற கேஷ் இல்லை, பயந்துடாதீங்க. சொல்ற விதம்தான் ஒண்ணு.)

இது கம்ப்யூட்டர் படிச்சவங்க வித்தைன்னு நினைக்க வேண்டாம். 1998-ல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்கள் தொடங்கியது. அப்போ ஊருக்கு ஊர் இன்டர்நெட் ஏது? வில்லியனூரில் ஒரே இடத்தில், அமெரிக்கக் கடற்படையின் தளத்திலிருந்து அலை உயரத் தகவலை எடுத்து, தமிழாக்கி, வயர்லெஸ் மூலம் வீராம்பட்டினத்துக்கு அனுப்பினாங்க. அங்கே மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில் சொன்னாங்க. எடுத்தது ஒரு தடவை, கேட்டது ஊரே. கேஷ் செய்யறதும் இதுதான்.

ஆனா யோசிச்சுப் பாருங்க. நேத்தைய அலைக் கணக்கை இன்னைக்கு வாசிச்சா, அதை நம்பிப் போன படகு என்ன ஆகும்? மாவு புளிக்கிற மாதிரி தகவலும் புளிக்கும். அதனால ஒவ்வொரு பக்கத்துக்கும் எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம்னு கெடு குறிக்கணும். சர்வர் இதை விநாடிக் கணக்கில் கேட்கும். குழு வரலாறு, படங்கள் எல்லாம் ஒரு நாள் இருக்கலாம், அதாவது 86,400 விநாடி. விலைப் பக்கத்துக்குப் பத்து நிமிஷம், 600 விநாடி போதும்.

சேமிப்புக் கணக்கு, கடன் பாக்கி, வாங்கினவரின் முகவரி இருக்கிற பக்கங்களை எடுத்து வைக்கவே கூடாது. 2015 டிசம்பர் 25 அன்று, ஸ்டீம் என்கிற விளையாட்டு விற்கும் தளத்தில் கேஷ் அமைப்பு தவறிப் போய், ஒருத்தர் கணக்குப் பக்கம் இன்னொருத்தருக்குத் தெரிந்தது. சுமார் 34,000 பேர் பாதிக்கப்பட்டதாக அந்த நிறுவனமே சொன்னது. நம்ம உறுப்பினர் கடன் பாக்கி அடுத்த தெருவுக்குத் தெரிஞ்சா எவ்வளவு மனக்கஷ்டம்! தளம் கொஞ்சம் மெதுவா இருந்தாலும் பரவாயில்லைன்னு இந்த விஷயத்தில் நான் கறாராச் சொல்வேன்.

அமைப்பது பெரிய வேலை இல்லை. தளம் வேர்ட்பிரஸில் இருந்தால் கேஷுக்கென்றே இலவச இணைப்புகள் இருக்கு. சொந்த சர்வர் என்றால் என்ஜின்எக்ஸ் அல்லது வார்னிஷ் போட்டுத் தருவாங்க. தளம் செய்து தரும் தம்பியிடம், "எந்தப் பக்கத்துக்கு எவ்வளவு கெடு, கணக்குப் பக்கத்தை விலக்கியாச்சா?" என்று கேட்டு, தீர்மானப் புத்தகத்தில் எழுதி வச்சுக்குங்க.

பணம் கொடுக்கும் முன்னால ஒரு சோதனை. முறுக்கு விலையை மாத்திட்டு, ரெண்டு பேர் செல்போனில் திறந்து பாருங்க. பத்து நிமிஷம் கழிச்சும் பழைய விலையே வந்தால், கெடு சரியா விழலைன்னு அர்த்தம். தம்பியைக் கூப்பிட்டு உட்கார வைங்க.