புயலுக்குப் பிறகு ஒரு வகுப்பின் வருகைப் பதிவு



2018 நவம்பர் 16, விடியலுக்கு முன்பே கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்தது. மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் காற்று. நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களைப் புரட்டிப் போட்டுவிட்டுத்தான் போயிற்று. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. செல்போன் டவர்களில் சில விழுந்தன. நின்றவையும் கரண்ட் இல்லாமல், ஜெனரேட்டருக்கு டீசல் இல்லாமல் அடங்கிப்போயின.

அன்று காலை இங்கே மும்பையில் ஆண்டாப் ஹில்லிலும் தாராவியிலும் செம்பூரிலும் இருந்த காவிரி டெல்டாக்காரர்கள் எல்லோரும் போனும் கையுமாக நின்றோம். டிவியில் சாய்ந்த மரத்தைக் காட்டினார்கள், முகாமைக் காட்டினார்கள். எங்கள் தெருவில் ஓடு இருக்கிறதா, அண்ணன் வீட்டு மாடு இருக்கிறதா என்று யார் காட்டுவார்கள்? அப்படிப்பட்ட நாட்களில் பள்ளித் தோழர்கள் ஒருவருக்கொருவர் செய்தி சேர்த்த விதத்தைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

நான் வேதாரண்யம் தாலுகாவில் பிறந்தவள். பழைய பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி.யை அங்கேயே முடித்தேன். பம்பாய்க்கு வந்து டிரங்க் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக வேலை பார்த்தேன். செய்தி ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு எப்படிப் போய்ச் சேருகிறது என்பதுதான் என் தொழில். அதனால் இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே பேச வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1977 நவம்பர் 12-ஆம் தேதி நாகப்பட்டினத்தைப் பெரும் புயல் அடித்தது. அப்போது நான் வேலைக்குப் புதிது. டிரங்க் கால் புக் செய்த காலம் உங்களில் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று மூன்று வகை. குறிப்பிட்ட ஆளைக் கூப்பிட்டுத் தரச் சொன்னால் அது பி.பி. கால். மூன்று நிமிடம் ஆனதும் நாங்கள் நடுவில் நுழைந்து சொல்வோம். அந்த வாரம் லைட்னிங் போட்டவருக்கும் லைன் கிடைக்கவில்லை. தஞ்சாவூரைத் தாண்டினால் ஒரு சத்தமும் இல்லை.

இங்கே கோலிவாடாவிலிருந்து ஒருவர் திருத்துறைப்பூண்டிக் கடை ஒன்றுக்குத் திரும்பத் திரும்பப் புக் செய்துகொண்டே இருந்தார். கடைசியில், "அம்மா, அதை கேன்சல் பண்ணிட்டு மெட்ராஸுக்குப் போடுங்க. என்கூடப் படிச்சவன் ஒருத்தன் கொத்தவால் சாவடியில இருக்கான்" என்றார். எனக்கு ஆச்சரியம். ஊர் திருத்துறைப்பூண்டி பக்கம், மெட்ராஸில் இருப்பவருக்கு என்ன தெரியும்? போட்டுக் கொடுத்தேன். லைன் நிற்கிறதா என்று நாங்கள் இடையிடையே கவனித்தாக வேண்டும். அப்படிக் கவனித்தபோது எதிர்முனையில் ஒருவர் ஊர் ஊராக வாசித்துக்கொண்டிருந்தார். டெல்டாவிலிருந்து வந்து சேர்ந்த லாரிக்காரர்களிடம் ஒவ்வொருவராகக் கேட்டு எழுதி வைத்திருக்கிறார். வகுப்பில் யார் யார், எந்த ஊர், அந்த ஊரில் நிலைமை என்ன. ஒவ்வொன்றுக்கும் பின்னால் இரண்டு விஷயம் சேர்த்துச் சொன்னார்: "டிரைவர் கண்ணால பார்த்தது, நேத்து சாயங்காலம்." "இது கேள்விப்பட்டதுதான், பார்த்தவங்க இல்ல." மூன்று நிமிடம் முடிந்தது. இவர் இன்னொரு மூன்று நிமிடம் கேட்டார். அதுவும் முடிந்தது.

யார் பார்த்தது, எப்போது பார்த்தது. எக்ஸ்சேஞ்சில் எத்தனையோ வருஷம் இருந்தேன். செய்தி சொல்ல இதைவிடச் சுத்தமான முறையை எங்கும் கற்றுக்கொள்ளவில்லை.

நேயர்களே, நம் பக்கத்து உயர்நிலைப் பள்ளிகளை நினைத்துப் பாருங்கள். சுற்றுவட்டார ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் வந்து சேருகிற இடம். எங்கள் வகுப்பில் ஆயக்காரன்புலம், கருப்பம்புலம், தென்னம்புலம், கத்தரிப்புலம், நெய்விளக்கு, புஷ்பவனம், தோப்புத்துறை, கோடியக்காடு என்று பெஞ்சுக்கு ஓர் ஊர் இருக்கும். பெயரைவிட ஊரைச் சொல்லித்தான் கூப்பிடுவோம். சொந்தக்காரர்களுக்குத் தங்கள் தெருவும் பங்காளி வீடும் தெரியும். ஒரு வகுப்புக்குத் தாலுகா முழுவதும் தெரியும். வரப்பில் இறங்கிக் குறுக்கே போகிற வழிகூடத் தெரியும். புயலுக்குப் பிறகு அந்த அறிவு எவ்வளவு பெரிய சொத்து என்பதை 2018-ல் கண்ணாரக் கண்டேன்.

எங்கள் வகுப்புக்கு வாட்ஸ்அப் குழு ஒன்று இருந்தது. பேரப்பிள்ளைகள் படம், கோயில் திருவிழா, முழங்கால் வலிக்குத் தைலம், இவ்வளவுதான் அதில் வரும். கஜா அடித்த அன்று மதியம் வரை ஊரில் இருந்த ஒருவரும் அதில் வாய் திறக்கவில்லை. வெளியூரில் இருந்த நாங்கள்தான் "யாராவது இருக்கீங்களா?" என்று போட்டுக்கொண்டே இருந்தோம்.

பிறகு திருச்சியில் இருக்கும் தோழி ஒரு காரியம் செய்தாள். ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் வகுப்பு வருகைப் பதிவேட்டின் வரிசை அவளுக்கு இன்றும் மனப்பாடம். அந்த வரிசையிலேயே எல்லாப் பெயரையும் எழுதி, பக்கத்தில் ஊரைப் போட்டு, எதிரே இடம் விட்டுக் குழுவில் போட்டாள். காலமாகிவிட்டவர்களின் பெயரையும் விடவில்லை. அவர்கள் குடும்பம் அங்கே இருக்கிறதே என்றாள். நான் உடனே அவளைக் கூப்பிட்டு, "ரெண்டு கட்டம் சேர்த்துக்கடி. யார் பார்த்தது, எப்ப பார்த்தது" என்றேன். அந்தக் கொத்தவால் சாவடிக்காரர் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

முதல் பதில் தோப்புத்துறையிலிருந்து வந்தது. அங்கிருந்த தோழர் டிராக்டர் பேட்டரியில் சார்ஜ் போட்டு, சிக்னல் கிடைக்கிற இடம் தேடி நடந்து வந்து அனுப்பியிருந்தார். உடனே குழுவில் ஆளாளுக்கு அவரைக் கூப்பிடக் கிளம்பினார்கள். நான் தடுத்தேன். பேசினால் பேட்டரி போய்விடும், எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள் என்றேன். இதை நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள். சிக்னல் நலிந்திருக்கும்போது பேச்சு அறுந்துபோகும், ஆனால் எஸ்.எம்.எஸ். நுழைந்துவிடும். அந்தப் போன் அணைந்திருந்தாலும் செய்தி மையத்தில் கொஞ்ச காலம் காத்திருந்து, போன் உயிர் பெற்றதும் போய் விழும்.

அப்புறம் கட்டங்கள் நிரம்பத் தொடங்கின. ஆயக்காரன்புலத்துக்காரர் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறார். மரம் விழுந்து கிடந்த இடத்திலெல்லாம் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு தாண்டியிருக்கிறார். அறுபதைக் கடந்தவர். "வேண்டாங்க, இருட்டிடுச்சு, வீட்டுக்குப் போங்க" என்று நாங்கள் எழுதியது மறுநாள்தான் அவருக்குப் போய்ச் சேர்ந்தது. அதற்குள் நாலைந்து ஊரைப் பார்த்து முடித்துவிட்டார்.

அந்தச் செய்திகளின் அழகை எப்படிச் சொல்வேன்! "கத்தரிப்புலம்: ஓடு முழுக்கப் போச்சு. ஆளுங்க ஸ்கூல்ல. கொல்லைப் புளியமரம் நிக்குது." புளியமரத்தை ஏன் எழுதினார்? அந்த மரத்தடியில்தான் நாங்கள் எல்லோரும் மத்தியானச் சோறு தின்றோம். துபாயிலிருக்கும் அந்த வீட்டுப் பிள்ளைக்கு அது தேவைப்படும் என்று அவருக்குத் தெரியும். "புஷ்பவனம்: கடல் சேறு கரைக்கு ஏறிக் கிடக்கு. அம்மா நல்லா இருக்காங்க, பேசினேன், காது முன்னைவிட மந்தம்." காது மந்தம் என்று படித்ததும்தான் சென்னையிலிருந்த மகள் அழுதாள், உண்மையாகவே நேரில் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார் என்று அப்போதுதான் நம்பிக்கை வந்ததாம்.

நான் இங்கே ஆண்டாப் ஹில்லில் கரண்ட்டும் சார்ஜுமாக உட்கார்ந்து, வந்ததை எல்லாம் வரிசைப்படுத்தி சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் திருப்பூருக்கும் அனுப்பிக்கொண்டிருந்தேன். வீட்டில் சமையல் என் மருமகள் பொறுப்பு. "அத்தை, மறுபடியும் டியூட்டியில சேர்ந்துட்டீங்க" என்றாள்.

எல்லாக் கட்டமும் நல்ல செய்தியாக நிரம்பவில்லை. முல்லைப்பூத் தோட்டம் போனவர்கள் உண்டு, வீடே போனவர்கள் உண்டு. தென்னைதான் பெரிய அடி. விழுந்த மரம் ஒன்றுக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500, ஆக 1,100 ரூபாய் என்று அரசு நிவாரணம் அறிவித்தது. நெட்டைத் தென்னை வைத்தால் காய்க்க ஆறேழு வருஷம் ஆகும். எங்கள் வயதுக்காரர் ஒருவர் தோப்பு முழுவதையும் இழந்துவிட்டு, "இனிமே யாருக்குடா வைக்கிறது" என்று ஒரே ஒரு வரி போட்டார். அன்று குழுவில் யாரும் ஆறுதல் எழுதவில்லை. மறுநாள் ஆளுக்கு இத்தனை கன்று என்று பேசி முடித்துவிட்டார்கள்.

எங்கள் வகுப்பைப் போலவே தஞ்சை மாவட்டம் பேராவூரணி பக்கமும் கைகள் சேர்ந்தன; அதை இங்கே விரிவாகச் சொல்ல நேரமில்லை. துபாயில் வேலையிலிருந்த நிமல் ராகவன் கஜா நிவாரணத்துக்காக ஊரிலேயே தங்கிவிட்டார். அவரும் மற்ற இளைஞர்களும் சேர்ந்து கைஃபா என்ற அமைப்பைத் தொடங்கி ஏரி குளங்களைத் தூர்வார ஆரம்பித்தார்கள். கஜா கூட்டிவைத்த கைகள் அதற்குப் பிறகும் பிரியவில்லை.

ஊர்க்காரர்கள் நமக்குப் பட்ட கடன் இது என்றும் நினைக்காதீர்கள். 2005 ஜூலை 26 அன்று சான்டாகுருஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டி, சயான், கிங்ஸ் சர்க்கிள் எல்லாம் தண்ணீரில் நின்றபோது, ஊரிலிருந்து இதே தோழர்கள்தான் போன் மேல் போன் போட்டு நம்மைத் தேடினார்கள்.

நிலையத்தார் கையைக் காட்டுகிறார்கள், முடித்துக்கொள்கிறேன். ஐப்பசி பிறந்தால் வடகிழக்குப் பருவமழை வரும். உங்கள் வகுப்புக் குழுவில் இன்று ராத்திரியே பெயர்களை வரிசையாக எழுதுங்கள். பக்கத்தில் ஊர், பக்கத்து வீட்டுக்காரர் நம்பர், யார் பார்த்தது, எப்போது பார்த்தது. சாதாரண போன் வைத்திருப்பவர்களைக் குழுவில் இல்லை என்று விட்டுவிடாதீர்கள். அவர்கள் பெயருக்கு நேரே யார் எஸ்.எம்.எஸ். அனுப்புவது என்று ஒருவரைக் குறித்துவிடுங்கள். இந்த வருஷம் அந்தப் பட்டியல் உங்களுக்குத் தேவைப்படாமலே போகட்டும்.