சாசனத்தில் இடம் இல்லாதவர்கள்

(வடசேரியில் நடந்த கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் மேடைகளில் இரண்டு பேச்சுகளை அடிக்கடி கேட்கிறோம். "வெள்ளைக்காரன் வராவிட்டால் நமக்கு ஏது விடுதலை?" என்பது ஒன்று. "சாதியை உண்டாக்கியதே வெள்ளைக்காரன்தான்" என்பது மற்றொன்று. இரண்டாவது, சாதியால் பிழைத்தவர்கள் தப்பிக்கச் சொல்லும் கதை. முதலாவதை நம்மவர்களே சொல்கிறார்கள். அதனால் அதைத்தான் அதிகம் சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

1600இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு லண்டனில் சாசனம் கிடைத்தது. 1606இல் அமெரிக்காவில் குடியேற வர்ஜீனியா கம்பெனிக்குச் சாசனம் கிடைத்தது. முதல் கம்பெனியின் முதல் ஆளுநரான தாமஸ் ஸ்மித்தான் பின்னாளில் வர்ஜீனியா கம்பெனியையும் நடத்தினார். ஒரே வியாபாரி, ஒரு கை அங்கே, ஒரு கை இங்கே.

வர்ஜீனியாவில் 1619 ஜூலை இறுதியில் குடியேறிகளின் பிரதிநிதிகள் அவை கூடியது. அமெரிக்க ஜனநாயகத்தின் தொட்டில் என்று பாடப்புத்தகம் சொல்லும். அதே ஆகஸ்டில், இருபதுக்கும் சற்றுக் கூடுதலான ஆப்பிரிக்கர்களைக் கொண்டுவந்து அங்கே விற்றார்கள். 1662இல் அந்த அவையே ஒரு சட்டம் போட்டது: தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை. பிறப்பை வைத்து மனிதனுக்கு விலை. மனு படிக்காதவர்களும் மனு எழுதுவார்கள், தோழர்களே. அந்த மண்ணுக்கு உரிய பழங்குடி மக்களை அந்த அவை கணக்கிலேயே எடுக்கவில்லை.

இப்போது சென்னைக்கு வருவோம். 1639இல் கம்பெனி இடம் வாங்கிக் கோட்டை கட்டியது. 1688 செப்டம்பர் 29இல் சென்னை மாநகராட்சி தொடங்கியது. அப்போது ஆளுநர் எலிஹு யேல். பிறந்தது அமெரிக்காவின் பாஸ்டனில். முதல் மேயர் நத்தானியேல் ஹிக்கின்சன்; பிறந்தது கனெக்டிகட்டில், படித்தது ஹார்வர்டில். அமெரிக்கக் குடியேற்றத்தில் பிறந்த இருவர் நம் கடற்கரை நகரத்தை ஆண்டார்கள். யேல் ஆட்சியில் இதே கரையிலிருந்து அடிமைகள் கப்பலேறினார்கள். அவர் பெயரில் இன்று ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது.

வர்ஜீனியா உறுப்பினருக்கு என்ன பெயரோ, அதே 'பர்ஜெஸ்' என்ற பெயர்தான் சென்னை மாநகராட்சி உறுப்பினருக்கும். ஆனால் இங்கே ஓர் ஏற்பாடு கூடுதல்: சாதித் தலைவர்களை அதில் சேர்க்க வேண்டும் என்று லண்டன் விரும்பியது. ஆல்டர்மன்களில் சின்ன வெங்கடாத்திரி போன்ற பெருவணிகர்கள் உட்கார்ந்தார்கள். வரி வசூலுக்கு அது வசதி. சேரிக்காரனுக்காகப் பேச அந்த அவையில் ஒரு நாற்காலியும் போடவில்லை.

1707இல் வலங்கை, இடங்கைச் சாதிகள் கல்யாண ஊர்வலம் எந்தத் தெருவில் போவது என்று மோதிக்கொண்டன. ஆளுநர் தாமஸ் பிட் என்ன செய்தார்? பெத்தநாயக்கன்பேட்டை வலங்கைக்கு, முத்தியால்பேட்டை இடங்கைக்கு என்று பிரித்துக் கொடுத்தார். தெருவை யார் வேண்டுமானாலும் நடக்கும் இடமாக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. சாதி அவர் செய்தது அல்ல. எல்லைக்கோடு அவர் போட்டது.

நம் நாஞ்சில் நாட்டுக்கு வாருங்கள். திருவிதாங்கூரில் மன்னர் ஆட்சி. பக்கத்தில் கம்பெனியின் ரெசிடெண்ட். ரெசிடெண்டாகவும் திவானாகவும் இருந்த கர்னல் மன்றோ, கிறித்தவரான நாடார் பெண்கள் குப்பாயம் போடலாம் என்றார். நாயர் பெண்களைப் போல மேல்சீலை போடக் கூடாது என்றும் சேர்த்தே சொன்னார். கொடுத்ததும் அளந்துதான். 1829 அறிவிப்பு அந்த அளவை மீண்டும் உறுதிசெய்தது. பெண்கள் மீறினார்கள். 1858இல் சந்தைகளில் அவர்கள் சீலை கிழிக்கப்பட்டது, வீடுகள் எரிந்தன.

சென்னை ஆளுநர் டிரெவெல்யன் அழுத்தம் கொடுத்தார், உண்மை. அவருக்கு நன்றி சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் முப்பது ஆண்டுகள் அடி வாங்கியபடியே தோளை மூடிய பெண்கள் இல்லையென்றால் அவர் எழுத என்ன இருந்திருக்கும்?

1859 ஜூலை 26 அரச அறிவிப்பைத் தேடிப் படியுங்கள். நாடார் பெண்கள் மார்பை மூடலாம் என்கிறது. மேல்சாதிப் பெண்கள் அணியும் விதத்தில் மட்டும் கூடாது என்கிறது. அந்தக் கடைசி வரியை யாருக்காக எழுதினார்கள் என்பதை, இங்கே வந்திருக்கும் தங்கைகள் தங்கள் பாட்டிமார்களிடம் கேட்டுப் பாருங்கள்.