ஆச்சியின் கொண்டையும் ஆறு நிமிஷ நடையும்

போன வாரம் ஆபீஸ்ல ரிலீஸ் வேலையில மாட்டிக்கிட்டேன், எபிசோட் போட முடியல. மன்னிச்சுக்கோங்க. இந்த வாரம் டெக் பேச்சு கிடையாது. எங்க ஆச்சியோட மூச்சைப் பத்திப் பேசப் போறேன். வீட்ல மூச்சு வாங்குற பெரியவங்க யாராவது இருந்தா, இதைக் கடைசி வரைக்கும் கேளுங்க.

ஆச்சி, அம்மாவோட அம்மா. வயசு 74. கோவில்பட்டில மாமா வீட்ல இருக்காங்க. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அவங்களுக்கு சி.ஓ.பி.டி. இருக்குன்னு சொன்னாங்க. அதாவது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். "பீடி, சிகரெட் வாசனையே ஆகாதே, இவங்களுக்கு எப்படி டாக்டர்?"னு மாமா கேட்டார். டாக்டர் ஆச்சிகிட்ட ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "எத்தனை வருஷம் விறகு அடுப்புல சமைச்சீங்கம்மா?" நாற்பது வருஷம். ஜன்னல் இல்லாத அடுப்படி. பதில் அதுலயே இருந்தது. உலகம் முழுக்க புகை பிடிக்காத பெண்களுக்கு இந்த நோய் வர்றதுக்கு அடுப்புப் புகை ஒரு பெரிய காரணம்.

இந்த நோயில என்ன நடக்குது? காத்து உள்ளே போகாததுதான் பிரச்சினைன்னு நான் நினைச்சிருந்தேன். பெரிய சிக்கல் வெளியே வர்றதுலதான். மூச்சுக்குழாய் சுருங்கிப் போயிருக்கும். பழைய காத்து முழுசா வெளியேறும் முன்னாடியே அடுத்த மூச்சு வந்துடும். ஷேர் ஆட்டோவுல இறங்க வேண்டியவங்க இறங்குறதுக்குள்ள புது ஆளுங்க ஏறுனா எப்படி இருக்கும்? அதேதான். வேகமா நடந்தா நெரிசல் இன்னும் அதிகமாகும்.

சரி, நாங்க என்ன பண்ணோம் தெரியுமா? பாசத்துல ஒரு தப்பு பண்ணோம். "ஆச்சி நீ உக்காரு, தண்ணி நான் எடுத்துத் தாரேன்." "அத்தை, நீங்க எந்திரிக்காதீங்க, பூ நான் வாங்கிட்டு வாரேன்." ஆறே மாசத்துல ஆச்சியோட உலகம் கட்டில், பாத்ரூம், டிவி, இந்த மூணுக்குள்ள சுருங்கிடுச்சு. நான் சென்னையில இருந்து விரல்ல மாட்டுற ஆக்ஸிமீட்டர் வாங்கி அனுப்பி, தினமும் ரீடிங் கேட்டு ஒரு ஷீட்ல ஏத்திட்டு இருந்தேன். நம்பர் 94, 93ன்னு நல்லாத்தான் இருந்தது. ஆச்சிதான் நல்லா இல்ல.

அப்புறம்தான் அந்த டாக்டர், திருநெல்வேலில ஒரு பிசியோதெரபிஸ்ட்கிட்ட அனுப்பினார். நானும் லீவு போட்டுட்டு கூடப் போனேன். அங்க முதல்ல செஞ்சது ஆறு நிமிஷ நடை டெஸ்ட். 30 மீட்டர் வராண்டா. ஆறு நிமிஷத்துல உங்களால எவ்வளவு தூரம் முடியுமோ நடக்கணும். நடுவுல நின்னு இளைப்பாறலாம், ஆனா கடிகாரம் நிக்காது. ஆச்சி ரெண்டு தடவை நின்னாங்க. மொத்தம் 180 மீட்டர். முடிஞ்சதும், "மூச்சு வாங்குனதுக்கு பூஜ்ஜியத்துல இருந்து பத்துக்குள்ள எத்தனை மார்க் போடுவீங்க?"ன்னு கேட்டார். அதுக்குப் பேர் போர்க் ஸ்கேல். ஆச்சி ஏழு போட்டாங்க.

அடுத்து அவர் கேட்டதை எங்க வீட்ல ஒருத்தரும் கேட்டதில்ல. "பாட்டி, எதைத் திரும்பச் செய்யணும்னு ஆசை?"

ஆச்சி யோசிக்கவே இல்ல. "என் கொண்டைய நானே போடணும்யா."

அத்தைதான் தினமும் தலை சீவி விடுறாங்கன்னு எனக்குத் தெரியும். ஏன்னு நான் கேட்டதே இல்ல. பிசியோ விளக்கினார்: கழுத்து, தோள் பக்கத்துத் தசைகளை இந்த நோயாளிகள் மூச்சு இழுக்கவே கடன் வாங்கிப் பயன்படுத்துவாங்க. கையைத் தலைக்கு மேல தூக்குனா அதே தசைக்கு ரெண்டு வேலை. அதனாலதான் தலை சீவுறது, துணி காயப்போடுறது எல்லாம் நடக்குறதை விடக் கஷ்டமா இருக்கும். ஆச்சி சோம்பேறியாகல, வெட்கத்துல வெளிய சொல்லாம இருந்திருக்காங்க.

அன்னைக்கு நான் கத்துக்கிட்ட முக்கியமான விஷயம் இதுதான். உடற்பயிற்சி நுரையீரலைச் சரி பண்ணாது. கெட்டுப்போன பகுதி கெட்டதுதான். ஆனா உக்காந்தே இருந்தா கால் தசை தளர்ந்துடும். தளர்ந்த தசை சின்ன வேலைக்கே அதிக மூச்சு கேக்கும். மூச்சு வாங்கும்னு பயந்து இன்னும் உக்காருவோம். அந்த வட்டத்தைத்தான் பயிற்சி உடைக்குது. 2015ல வந்த காக்ரேன் மறுஆய்வு 65 ஆய்வுகள், 3822 நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்துட்டு, மூச்சிரைப்பு, அசதி, நடக்குற திறன் எல்லாமே தேறுதுன்னு சொன்னது. வழக்கமான சிகிச்சையோட ஒப்பிட்டுப் பார்க்க இனி புது ஆய்வே தேவையில்லைன்னும் சொல்லிட்டாங்க.

ஆச்சிக்குக் கொடுத்த பயிற்சிகளைச் சொல்றேன்.

முதல்ல மூச்சு. மூக்கு வழியா ரெண்டு எண்ணுற வரை இழுத்து, உதட்டைக் குவிச்சு நாலு எண்ணுற வரை மெதுவா விடணும். "ஊதாங்குழல்ல ஊதுற மாதிரியா?"ன்னு ஆச்சி கேட்டாங்க. "அதே மாதிரிதான் பாட்டி, ஆனா அடுப்பு பத்த வேண்டாம். விளக்குச் சுடர் அசையணும், அணையக் கூடாது." இப்படி விடும்போது மூச்சுக்குழாய் சீக்கிரம் மூடிக்காம இருக்கும், தேங்குன காத்து வெளிய வர நேரம் கிடைக்கும்.

ரெண்டாவது, நாற்காலி. கையை ஊன்றாம எந்திரிச்சு உக்காரணும். எந்திரிக்கும்போது மூச்சை விடணும். சிரமம் வர்ற இடத்துல மூச்சு வெளிய போகணும், அடக்கவே கூடாது. முதல் நாள் ஆச்சியால அஞ்சு தடவைதான் முடிஞ்சது.

மூணாவது, நடை. ஒரே மூச்சுல வேண்டாம். ரெண்டு நிமிஷம் நடை, ஒரு நிமிஷம் ஓய்வு. போர்க் ஸ்கேல்ல மூணு, நாலு வரைக்கும் மூச்சு வாங்கலாம். பேச முடியணும், பாட முடியாத அளவு.

நாலாவது, கை. அரை லிட்டர் தண்ணி பாட்டில் ரெண்டு. உக்காந்துகிட்டே, மூச்சை விட்டுக்கிட்டே தோள் உயரம் வரைக்கும் தூக்கணும். கொண்டைக்கான பயிற்சி இதுதான்.

ரொம்ப வாங்குனா, உக்காந்து முன்னாடி சாஞ்சு முழங்கையைத் தொடையில ஊன்றிக்கிட்டு, உதட்டைக் குவிச்சு விடணும். டாக்டர் சொன்னா, பயிற்சிக்கு முன்னாடியே இன்ஹேலர் எடுத்துக்கணும். சாப்பிட்ட உடனே கூடாது. நெஞ்சு வலி, தலைச்சுத்தல் வந்தா அப்பவே நிறுத்தணும். ஆக்ஸிஜன் 88க்குக் கீழ போனா நிறுத்தணும்னு ஆச்சிக்குச் சொன்னாங்க. உங்க வீட்டுப் பெரியவங்களுக்கு எந்த அளவுன்னு அவங்க டாக்டர்தான் சொல்லணும். யூடியூப் பார்த்து நீங்களே ஆரம்பிச்சுடாதீங்க.

வாரத்துக்கு ரெண்டு தடவை, எட்டு வாரம். மாமாவுக்குக் கடை இருக்கு, எல்லா நாளும் திருநெல்வேலி போக முடியல. அதனால மாசம் ரெண்டு தடவை நேர்ல, மத்த நாள் வீட்லன்னு பிசியோ மாத்திக் கொடுத்தார். காலைல ஏழரைக்கு நான் வீடியோ கால்ல வருவேன். ஆச்சி எந்திரிச்சு உக்கார, நான் எண்ணுவேன். "ஏல, நீயும் நாள் பூரா உக்காந்துதானே கிடக்க, எந்திரி"ன்னாங்க. அன்னைக்கு இருந்து நானும் சேர்ந்து பண்றேன்.

எட்டாவது வாரம் மறுபடி அதே வராண்டா. 255 மீட்டர். 30 மீட்டர் கூடுனாலே நோயாளிக்கு வித்தியாசம் தெரியும்னு எடுத்துக்குறாங்க. ஊதிப் பார்க்குற ஸ்பைரோமெட்ரி டெஸ்ட்ல மட்டும் மாற்றமே இல்ல. நுரையீரல் அதேதான், கால்தான் மாறியிருக்கு.

கதை இங்கயே முடிஞ்சா நல்லா இருக்கும். மார்கழியில சளி பிடிச்சு, அஞ்சு நாள் ஆஸ்பத்திரில இருந்தாங்க. திரும்பி வந்தப்போ நாற்காலி எண்ணிக்கை நாலு. ஆரம்பிச்சதை விடக் கம்மி. "போதும்யா, விட்டுரு"ன்னாங்க. எனக்கும் அவங்களைக் கஷ்டப்படுத்துறோமோன்னு இருந்தது. பிசியோ சொன்னார், ஆஸ்பத்திரில இருந்து வந்த முதல் சில வாரத்துலதான் இது ரொம்ப அவசியம்னு. டாக்டர்கிட்ட கேட்டுட்டு, நாலுல இருந்தே மறுபடி எண்ண ஆரம்பிச்சோம்.

போன வாரம் ஒரு நாள் கால் பண்ணேன். திரையில ஆச்சி முகம் இல்ல, சுவரும் காலண்டரும்தான் தெரிஞ்சது. "ஆச்சி?"ன்னேன்.

"இருல, கொண்டை போட்டுட்டு வாரேன்."

நடுவுல ரெண்டு தடவை நிறுத்தி மூச்சு விட்டது எனக்குக் கேட்டுச்சு. மூணு நிமிஷம் ஆச்சு. காத்திருந்தேன். கொண்டை கொஞ்சம் கோணலாத்தான் இருந்தது.

மக்களே, ரெண்டு விஷயம் கேக்குறேன். உங்க டாக்டர்கிட்ட "நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி எங்க கிடைக்கும்?"னு வாய் விட்டுக் கேளுங்க, நிறைய பேருக்கு அப்படி ஒண்ணு இருக்குறதே தெரியாது. அப்புறம் வீட்ல இருக்குற பெரியவங்ககிட்ட, எதைத் திரும்பச் செய்யணும்னு ஆசைன்னு கேளுங்க. பதில் வந்தா எனக்கும் எழுதி அனுப்புங்க. அடுத்த வாரம் பார்ப்போம். இப்ப எல்லாரும் நாற்காலியை விட்டு ஒரு தடவை எந்திரிங்க, ஆச்சி சொல்லச் சொன்னாங்க!