சாம்பலும் சாறும்



பாறைகள் செறிந்த நமது கரையோரங்களில் சர்காசம் என்னும் கபிலநிறக் கடற்பாசி வளர்கின்றது. அலை அதனைப் பிடுங்கிக் கரையில் எறிந்துவிட்டால், குப்பையென்றே கருதி விலகிச் செல்கின்றோம். அத்தகைய பாசியிலிருந்து பயன்தரும் பொருள்களைப் பிரித்தெடுக்கும் முறையைப் பற்றியே இன்று பேசவிருக்கின்றேன்.

இக்கதை தீயிலே தொடங்குகின்றது. 18ஆம் நூற்றாண்டில் ஸ்கொத்லாந்தின் தீவுகளில் வாழ்ந்த ஏழை மக்கள், கபிலநிறப் பாசிகளை வாரி உலர்த்திக் குழிகளில் இட்டு எரித்தனர். ஏறத்தாழ 20 தொன் ஈரப்பாசிக்கு ஒரு தொன் சாம்பலே கிடைத்தது. அச்சாம்பல் கண்ணாடி, சவர்க்காரம் ஆகியவற்றைச் செய்ய உதவிற்று. 1811இல் பிரான்சு நாட்டவரான பேர்னாட் கோர்ட்டுவா, பாசிச் சாம்பலின் கரைசலிற் கந்தகவமிலத்தை மிகுதியாகச் சேர்த்தபோது ஊதாநிற ஆவி எழுந்தது. அயடீன் கண்டறியப்பட்டது இவ்வாறே.

எனினும், சாம்பலில் எஞ்சியவை உப்புக்களே. பாசி தன் உடலிற் கட்டிய சேர்வைகள் யாவும் புகையாய்ப் போயின. இவ்விழப்பை உணர்ந்தவர் எட்வேட் ஸ்ரான்போட் என்னும் பிரித்தானிய இரசாயனவியலாளர். அவர் பாசியை எரிக்காது சோடாக் கரைசலில் ஊறவைத்தார். பசைபோன்ற பொருளொன்று வெளிவந்தது. அதற்கு 1881இற் காப்புரிமையும் பெற்றார். அதுவே இன்று அல்சினேற்று எனப்படுவது. பல்லின் அச்செடுக்கவும், கசியும் புண்ணை மூடிக் கட்டவும், நெஞ்செரிவைத் தணிக்கவும் அது பயன்படுகின்றது.

சோடா செய்யும் வேலை யாது? பாசியின் கலச்சுவரில் இப்பொருள் கல்சியத்தோடு பிணைந்து கரையாது கிடக்கின்றது. கல்சியத்தின் இடத்திற் சோடியம் புகுந்ததும், அது நீரிற் கரைந்து வந்துவிடுகின்றது.

கபிலப் பாசியில் வேறு சேர்வைகளும் உள. 1913இல் சுவீடன் நாட்டு அறிஞர் கைலின் பியூக்கோயிடனைப் பிரித்தெடுத்தார். ஹெப்பரின் என்னும் மருந்தைப்போல, குருதி உறைதலைத் தடுக்கும் இயல்பு இதற்கு உண்டென ஆய்வுகூடங்கள் காட்டியுள்ளன. புளோரோத்தனின்கள் என்பவையும் பாசியில் உண்டு. அவை ஒட்சியேற்றத்தை எதிர்ப்பவை.

எல்லாவற்றையும் ஒரே பாசியிலிருந்து பெறவேண்டுமாயின் ஒழுங்கு தவறலாகாது. முதலில் நீர் கலந்த மதுசாரத்தாற் புளோரோத்தனின்களை எடுப்பர்; அடுத்து இளஞ்சூடான ஐதான அமிலத்தாற் பியூக்கோயிடனைக் கரைப்பர்; இறுதியிலேயே சோடாவை இடுவர். சோடாவை முதலில் இட்டால் புளோரோத்தனின்கள் ஒட்சியேறிக் கெடும். அமிலமும் வெப்பமும் மிகுந்தால் பியூக்கோயிடனின் நெடுஞ்சங்கிலி அறுந்து சிதையும்.

இங்கே ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. ஆய்வுகூடத்திற் கண்ட குணம் நோயாளிக்கு மருந்தாகிவிடாது. கடல்நீரிலுள்ள அயடீனையும் ஆசெனிக்கு என்னும் நச்சு மூலகத்தையும் பாசி தன்னுட் சேர்த்துவைக்கின்றது. அயடீன் மிகுந்தால் தைரொயிட்டுச் சுரப்பி பாதிப்புறலாம். சர்காசத்தின் ஓரினமாகிய ஹிஜிகியை உண்ணவேண்டாமென, அதிலுள்ள ஆசெனிக்கின் பொருட்டு, 2004இற் பிரித்தானிய உணவுத்துறையினர் அறிவுறுத்தினர். ஆகவே, 'கடல் தந்த அருமருந்து' என்று போத்தலில் ஒட்டிய சொல்லை நம்பி எதையும் அருந்தாதீர்கள். எதனை, எவ்வாறு பிரித்தனர், நச்சை அளந்தனரா என்று வினவுங்கள்.

ஸ்கொத்லாந்துத் தீவினர் அறியாமையாற் செல்வத்தை எரித்தனர். நாம் அவசரத்தால் நஞ்சை விழுங்காதிருப்போமாக.