அப்பா பன்றியாகும் படம்



கார்ட்டூன் படம்தானே, பார்க்கட்டும் என்று பிள்ளையைத் தொலைக்காட்சி முன்னால் உட்கார்த்திவிட்டு வேலையைப் பார்க்கப் போகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். ஆனால் கார்ட்டூன் என்றாலே எல்லாம் ஒன்றல்ல. 1988-இல் ஜப்பானின் ஜிப்லி ஸ்டுடியோ இரண்டு அனிமேஷன் படங்களை ஒரே காட்சியாகச் சேர்த்து வெளியிட்டது. ஒன்று 'மை நெய்பர் டோட்டோரோ': இரண்டு சிறுமிகளும், மரப்பொந்தில் தூங்கும் ஒரு பெரிய சாதுவான பூதமும். மற்றது 'கிரேவ் ஆஃப் த ஃபயர்ஃபிளைஸ்': போரில் தாயைப் பறிகொடுத்த அண்ணனும் தங்கையும் பட்டினியால் சாகிற கதை. இரண்டும் கையால் வரைந்தவைதான். முதல் படத்தைப் பார்த்துச் சிரித்த குழந்தை இரண்டாவதில் என்ன பாடுபட்டிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இன்று நான் பேசப்போவது அதே ஸ்டுடியோவிலிருந்து 2001-இல் வந்த 'ஸ்பிரிட்டட் அவே' பற்றி. ஹயாவோ மியாசாகி எழுதி இயக்கியது. பெர்லின் விழாவில் தங்கக் கரடி விருது, பிறகு ஆஸ்கார் என்று உலகமே கொண்டாடிய படம். இதை ஐந்து வயதுப் பிள்ளைக்குக் காட்டலாமா என்றால், வேண்டாம் என்பேன். எட்டு ஒன்பது வயதென்றால் தாராளமாகக் காட்டுங்கள்.

காரணம் படத்தின் தொடக்கத்திலேயே இருக்கிறது. பத்து வயது சிஹிரோ பெற்றோருடன் புது ஊருக்குக் குடிபோகிறாள். வழி தவறி ஒரு பாழடைந்த கேளிக்கைப் பூங்காவுக்குள் நுழைகிறார்கள். ஆளில்லாத கடையொன்றில் ஆவி பறக்க உணவு குவிந்திருக்கிறது. அப்பாவும் அம்மாவும் உட்கார்ந்து அள்ளி அள்ளித் தின்கிறார்கள். இவள் வேண்டாமென்று சொல்லி அந்தப் பக்கம் சுற்றிவிட்டு வருகிறாள். பொழுது சாய்கிறது. திரும்பி வந்து பார்த்தால், அப்பாவின் சட்டைக்குள் ஒரு பன்றி. அது முகத்தைத் திருப்பி இவளைப் பார்க்கிறது. இவள் அலறிக்கொண்டு ஓட, இருட்டில் எங்கு பார்த்தாலும் நிழலுருவங்கள் எழும்புகின்றன. தன் கையே கண்ணாடிபோல மறையத் தொடங்குகிறது.

இந்த இடத்தில் ஒரு துளி ரத்தம் கிடையாது, கத்தி கிடையாது, கெட்ட வார்த்தை கிடையாது. சான்றிதழ் தருபவர்கள் முதலில் தேடுவது அவற்றைத்தான். அமெரிக்காவில் இதற்குக் கிடைத்தது பெற்றோர் துணையோடு பார்க்கலாம் என்ற 'பிஜி'. நம் நாட்டிலும் 2023-இல் சட்டத்தைத் திருத்தி, யு/ஏ சான்றிதழை 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரித்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் எந்தச் சான்றிதழும் உங்கள் வீட்டுப் பிள்ளை எதற்குப் பயப்படும் என்று சொல்லாது.

சின்னக் குழந்தையின் பயம் நம் பயம் மாதிரி இல்லை. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜோஆன் கேன்டர் என்ற ஆய்வாளர் பல ஆண்டுகள் இதை ஆராய்ந்தார். ஏழு வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளை உலுக்குவது கதையின் பொருளைவிடக் கண்ணுக்குத் தெரியும் உருவம்தான் என்பது அவர் கண்டது. அதிலும், தெரிந்த முகம் கண்ணெதிரே வேறாக மாறுவது அவர்களுக்குத் தாங்காது. 'ஹல்க்' தொடரில் நல்லவனான நாயகன் பச்சை ராட்சதனாக மாறும் இடத்தில்தான் சிறுவர்கள் மிரண்டார்கள். அவன் நல்லது செய்யத்தான் மாறுகிறான் என்பது அவர்களுக்கு ஆறுதலாக இல்லை. இங்கே மாறுவதோ அப்பாவும் அம்மாவும். இதெல்லாம் பொய்டா கண்ணா என்று நாம் சொன்னால், ஐந்து வயதில் அது காதோடு நின்றுவிடும், மனத்தில் ஏறாது. மடியில் இழுத்து உட்கார வைத்துக்கொள்வது அதைவிட வேலை செய்யும்.

நம் பாட்டிமார் சொன்ன கதைகளில் ராட்சசனும் பேயும் வரவில்லையா, நாமெல்லாம் கெட்டா போய்விட்டோம் என்று சிலர் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். கதை கேட்கிற பிள்ளை தன்னால் தாங்க முடிகிற அளவுக்குத்தான் ராட்சசனை மனத்தில் வரைந்துகொள்கிறது. பாட்டியும் அதன் முகத்தைப் பார்த்தே சொல்கிறாள். கண் விரிந்தால் குரலைத் தாழ்த்துவாள், அழுகை முட்டினால் ராட்சசனை அங்கேயே தூங்க வைத்துவிடுவாள். திரைக்கு எதிரே இருப்பவர் முகம் தெரியாது.

எட்டு வயதுக்கு மேல் இதே படம் பெரிய விருந்து. மியாசாகி தன் நண்பர்களின் பத்து வயதுப் பெண்களை மனத்தில் வைத்தே இதை எடுத்தார். சிணுங்கிக்கொண்டே கதைக்குள் வரும் சிஹிரோ, தெய்வங்களும் ஆவிகளும் குளிக்க வரும் ஒரு குளியல் விடுதியில் வேலை கேட்டு வாங்கித் தரை துடைக்கிறாள். நாற்றமெடுக்கும் சேற்று உருவம் ஒன்று வருகிறது. அதன் விலாவில் குத்தி நிற்கும் எதையோ பிடித்து எல்லோரும் சேர்ந்து இழுத்தால், ஒரு சைக்கிளும் பின்னாலேயே மலைபோலக் குப்பையும் வருகின்றன. சுத்தமானபின்தான் தெரிகிறது, வந்தது ஒரு நதியின் தெய்வம் என்று. இதைப் பிள்ளைகள் கைதட்டிப் பார்ப்பார்கள். முகமூடி அணிந்த ஓர் உருவம் ஆட்களை விழுங்கிப் பின் கக்கும் இடமும், காயம்பட்ட டிராகன் ரத்தம் சிந்தும் இடமும் கொஞ்சம் கனமானவை; அப்போது பக்கத்தில் இருங்கள். ஆனால் இந்தக் கதையில் யாரையும் கொன்று யாரும் ஜெயிப்பதில்லை. எனக்கு இதில் மிகவும் பிடித்தது அதுதான்.

ஐந்து வயதுப் பிள்ளை அண்ணன் அக்காவோடு சேர்ந்து பார்த்தே தீருவேன் என்று அடம்பிடித்தால்? இரவில் போடாதீர்கள், பகலில் போடுங்கள். படம் இரண்டு மணி நேரத்துக்கும் மேல். இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளலாம். போடுவதற்கு முன்பே கதையின் முடிவைச் சொல்லிவிடுங்கள்: அந்த அம்மாவும் அப்பாவும் திரும்ப மனிதர்களாகிவிடுவார்கள், அவள் பத்திரமாக வீட்டுக்குப் போவாள் என்று. பெரியவர்களுக்கு இது ரசக்குறைவு, சின்னவர்களுக்குப் பிடிமானம். நடுவில் நிறுத்து என்று சொன்னால், கேலி செய்யாமல் நிறுத்திவிட்டு டோட்டோரோவைப் போடுங்கள். அதிலும் ஆஸ்பத்திரியில் இருக்கும் அம்மாவைப் பற்றிய கவலை உண்டு, ஆனால் அது ஒரு குழந்தை தாங்கும் அளவில் இருக்கிறது. மீதி 'ஸ்பிரிட்டட் அவே'யை மூன்று வருஷம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.